முப்பத்தொன்றாம் படத்தின் நிறம்

மின்சார ஸ்கூட்டரின் ஹேண்டில்பாருக்கு நடுவில் ஒரு சின்னத் திரை இருக்குமே, வேகம், சார்ஜ், கிலோமீட்டர் எல்லாம் காட்டிக்கொண்டு, அதைத்தான் ஓசூரில் எங்கள் கம்பெனியில் செய்கிறோம். அந்தத் திரையில் படங்கள் சரியான நிறத்தில் தெரிகின்றனவா என்று பார்ப்பது கெசியாவின் வேலை. அவள் பார்த்துச் சொல்வதைக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் தட்டுவது என் வேலை. கண் அவளுடையது, கை என்னுடையது. நடுவில் இருந்தது வாய்ப்பேச்சு. அதுதான் கெடுத்தது.

படம் என்பது நமக்குத்தான் படம். திரைக்கு அது வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று எண்கள் இருக்கும். அந்த எண்களை எழுதும் முறைதான் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவன் சிவப்பை முதலில் எழுதுவான், இன்னொருவன் நீலத்தை. ஒருவன் தாராளமாக முப்பத்திரண்டு பிட் எடுத்துக்கொள்வான், இன்னொருவன் இடம் போதாதென்று எல்லாவற்றையும் பதினாறு பிட்டுக்குள் அமுக்குவான். எழுதியவன் ஒரு வரிசையில் எழுத, படிப்பவன் வேறு வரிசையில் படித்தால் தக்காளி நீலமாகும், வானம் செம்மண்ணாகும். அதனால் எல்லா முறையிலும் எழுதிய நாற்பத்தெட்டுப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, அச்சடித்த அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்ய ஒரு கேமரா வாங்கினார்கள். அது வந்த முதல் வாரத்திலேயே நல்ல திரையையெல்லாம் கெட்டது என்று சொல்லி மானத்தை வாங்கியது. அதற்குப் போர்வை போட்டு மூலையில் நிறுத்திவிட்டு, மனிதக் கண்ணே போதும் என்று வந்துவிட்டார்கள்.

வெளி வெளிச்சம் படக்கூடாது என்பதால் கறுப்புத் துணியால் ஒரு கூண்டு கட்டியிருந்தோம். கெசியா உள்ளே உட்கார்ந்து, படத்தின் எண்ணையும் நிறத்தையும் குரல் கொடுப்பாள். நான் வெளியே கீபோர்டோடு. எனக்குத் திரை தெரியாது, குரல் மட்டும்தான். கத்தோலிக்கக் கோவிலில் பாவம் சொல்லும் கூண்டு மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"எங்க சபையில அதெல்லாம் கெடையாதுண்ணே. நாங்க நேரா அவருட்டயே சொல்லிருவோம்" என்றாள் உள்ளேயிருந்து. அவளுக்கு நாசரேத் பக்கம். ஓசூருக்கு வந்து மூன்று வருடமாகியும் பேச்சில் ஒரு துளி மாறவில்லை.

முதலில் நிறங்களை இங்கிலீஷில்தான் சொன்னாள். ஏசி சத்தத்தில் துணிக்கு உள்ளிருந்து க்ரே என்றால் எனக்கு க்ரீன் என்று கேட்கும். இரண்டு மூன்று முறை தப்பாகிவிட்டது. அப்போது நான்தான் யோசனை சொன்னேன், தமிழிலேயே சொல்லட்டும், சாம்பலும் பச்சையும் எந்தச் சத்தத்திலும் குழம்பாது என்று. குவாலிட்டி மேனேஜர் ஜெகதீஷ் சாருக்குப் பிடித்துப்போய் உடனே எழுத்தில் போட்டு, கையெழுத்திட்டு, விதியாக்கினார். அந்த மாதத்தின் சிறந்த யோசனை என்று எனக்கு ஒரு சான்றிதழும் கைத்தட்டலும் கிடைத்தன. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, புது சாஃப்ட்வேர் ஏற்றிய திரைகள் வந்தன. காலை பதினோரு மணி இருக்கும். கெசியா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"முப்பது, சரி. முப்பத்தொண்ணு..." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊதாவா வருதுண்ணே."

"ஊதாவா?"

"ஆமாண்ணே. நல்ல ஊதா."

வயலட் என்று தட்டினேன். தட்டியதும் அந்த வரி தானாகவே பச்சைக் கட்டமாகிவிட்டது. காரணம் உண்டு. பதினாறு பிட்டுக்குள் அமுக்கிய படங்களில் சாம்பல் நிறம் லேசாக வயலட் பக்கம் சாயும். அது பரவாயில்லை என்று ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தொன்றும் சேர்ந்த அந்த வரிசைப் படங்களுக்கு வயலட் என்று தட்டினால் கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது. நானும் கேட்கவில்லை. "முப்பத்திரண்டு?" என்றேன். அவளும் அடுத்ததற்குப் போனாள். முடிவில் தாளை அச்செடுத்து நீட்டினேன். இங்கிலீஷ் தாள். அவள் அதைப் படிக்கவில்லை, என்றைக்குமே படித்ததில்லை, கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்தொன்றாம் படம், பேட்டரி சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று சொல்லும் சின்னம். அது ரத்தச் சிவப்பில் எரிய வேண்டும்.

ஆகஸ்டில் ஸ்கூட்டர் கம்பெனியின் ஆள் ஒருவர் கிருஷ்ணகிரி ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் நீலமாக ஏதோ எரிந்திருக்கிறது. வண்டிகளில் நீல விளக்கு என்றால் ஹெட்லைட் ஹைபீமில் இருக்கிறது என்று அர்த்தம். அவரும் ஹைபீம் என்றே நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். சூளகிரி தாண்டி வண்டி புகைந்து நின்றுவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் திரைகள் நானூறும் திரும்பி வந்தன. சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்ததை யார் பார்க்காமல் விட்டது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தவளை வழியிலேயே மறித்தேன்.

"ஏம்மா, செவப்பு வர்ற எடத்துல நீலம் வந்திருக்குது. ஒரு வார்த்த சொல்லல நீ?"

"சொன்னேம்லாண்ணே. முப்பத்தொண்ணு ஊதாவா வருதுன்னு சொன்னேம்லா. நீங்ககூடத் திருப்பிக் கேட்டீங்களே."

"ஊதான்னுதான் சொன்ன. நீலம்னு சொல்லலயே."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஊதான்னா அதாம்லா. இந்தா, இது ஊதா" என்று என் அடையாள அட்டையின் நாடாவைத் தொட்டுக் காட்டினாள். பளீரென்ற நீல நாடா.

"அப்ப நீலம்னா?"

"நீலம்னா துணிக்குப் போடுறது. சொட்டு நீலம்."

"கத்திரிக்கா என்ன கலரு?"

"கத்திரிப்பூ கலரு. ஏன்ணே இப்படியெல்லாம் கேக்கீங்க?"

எனக்கு ஊர் வேப்பனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, சித்தி வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் வீட்டில் ஊதா என்றால் கத்திரிக்காய். சித்தி வீட்டிலும் ஊதா என்றால் கத்திரிக்காய். பள்ளிப் புத்தகத்தின் வானவில்லிலும் அதுதான். மூன்று மொழியும் ஒன்றாகச் சொன்னதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? தமிழ்நாட்டின் அந்தக் கோடியில் ஜனங்கள் வானத்தை ஊதா என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டேன். வழக்கு நிற்கவில்லை. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தப்பாக எழுதியது நான்.

அவளுக்கு இது எந்த நேரத்தில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கெசியா கான்ட்ராக்ட் ஆள். புருஷன் இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வயதாகப்போகும் மகளை நாசரேத்தில் அக்காவிடம் விட்டிருந்தாள். கான்ட்ராக்ட் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் குழந்தைகளுக்கு அனுமதியில்லை. நிரந்தரமானவர்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் உண்டு. செப்டம்பரில் வரப்போகும் நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மத்திகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் யூகேஜிக்கு இடம் கேட்டு வைத்திருந்தாள். மகள் இப்போதெல்லாம் பெரியம்மாவைத்தான் அம்மா என்கிறாள், என்னை ஓசூர் அம்மா என்கிறாள் என்று ஒருமுறை கூண்டுக்குள்ளிருந்து சொன்னாள். முகம் தெரியாததால் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை நடந்த மீட்டிங் ரூமுக்குக் காவேரி என்று பெயர். தமிழ்க்காரர்களும் கன்னடக்காரர்களும் சேர்ந்து வேலை செய்யும் கம்பெனியில் அந்தப் பெயரை வைத்த மகானைக் கும்பிட வேண்டும். ஜெகதீஷ் சார் ஒருபுறம், ஹெச்ஆர் சௌந்தரராஜன் சார் ஒருபுறம், எதிரே கெசியா. ஆவணம் தட்டியவன் என்பதால் நான் ஓரத்தில்.

ஜெகதீஷ் சார் கெட்டவர் அல்ல. ஆனேக்கல்காரர், தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். மேஜையிலிருந்த பேனா ஒன்றை எடுத்துக் காட்டினார். நீல மூடி.

"பயப்படபேடம்மா. இது ஏன் கலர், என்ன கலர், அதைச் சொல்லு, சாக்கு, போதும்."

"ஊதா சார்" என்றாள் கெசியா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"சார், அவங்க ஊர்ல ப்ளூவத்தான் ஊதான்னு சொல்றாங்க. நான்தான் வயலட்னு தட்டிட்டேன். தப்பு என்னோடதுங்க சார்."

"ஊதா அந்த்ரே பர்ப்பிள் அல்லவா?" என்றார் ஜெகதீஷ் சார், உண்மையாகவே புரியாமல்.

"ப்ளூதான் சார்" என்றாள் கெசியா அவசரமாக. "இங்கிலீஷ்ல ப்ளூ. தமிழ்லதான் சொல்லணும்னு சொன்னாங்க, அதான்."

"இப்ப ப்ளூங்கற. ரெண்டு நிமிஷம் முன்னாடி ஊதான்ன" என்றார் சௌந்தரராஜன் சார். "ஊதான்னா வயலட்மா. வானவில்லுல வரும். ஸ்கூல்ல படிக்கல?"

"படிச்சேன் சார். புக்குல அப்படித்தான் இருந்துச்சு. வீட்ல இப்படித்தான் சொல்லுவோம்."

"வீட்ல சொல்றத வீட்டோட வச்சுக்கணும்."

அவளைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும் அட்டைகள். முப்பத்தெட்டு அட்டையிலும் சரியாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் குறை ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டினாள். "கர்த்தர் கைவிடலண்ணே" என்றாள். நானும் நம்பினேன். அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

மறுநாள் சௌந்தரராஜன் சார் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். டாக்டரின் தாள் மேஜையில் இருந்தது.

"இது ரொம்ப மோசமாயிடுச்சு மாதவன்" என்றார்.

"கண்ணு நல்லா இருக்குதுன்னுதானே சார் எழுதியிருக்காங்க?"

"அதான் மோசம். கண் குறைன்னா பாவம், அவ தப்பில்லன்னு சொல்லலாம். கண் நல்லாயிருந்தும் பாக்காம விட்டான்னா கவனக்குறைவு."

"பாக்காம விடல சார். பாத்துச் சொன்னாங்க. நான்தான்..."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? எங்கப்பா கும்பகோணத்துல வாத்தியார். சாகற வரைக்கும் ஊதா இங்க்னுதான் சொன்னார். அவர எழுப்பிக் கூட்டிட்டு வந்து கஸ்டமர் முன்னாடி நிறுத்தவா?"

தெரியாதவரிடம் விளக்கலாம். தெரிந்தவரிடம் என்ன செய்வது?

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஸ்கூட்டர் கம்பெனியின் பக்கம் அது. தவறுக்கான மூல காரணம் என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் நான்கு சொற்கள் இறங்கும்: மனிதர், இயந்திரம், பொருள், முறை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மொழி என்று ஐந்தாவதாக ஒன்று இல்லை.

"முறைன்னு போடுங்க சார். தமிழ்ல சொல்லச் சொன்னது முறைதானே. என் யோசன. என் பேரையே போடுங்க."

"ஜெகதீஷ் கையெழுத்துப் போட்ட முறை. அதுல தப்புன்னா ஒரு வருஷத்துக்கு அந்த முறையில பாஸான அத்தன திரையும் திரும்பி வரும். லைன நிறுத்துவாங்க. எரநூறு பேரு கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. போடட்டுமா?" அவர் குரலில் மிரட்டல் இல்லை. அலுப்புதான் இருந்தது. "உங்க பேரப் போட்டாலும் அது முறைதான். நீங்க விதிப்படிதானே தட்டியிருக்கீங்க."

அன்றைக்கே ஜெகதீஷ் சாருக்கு எல்லாவற்றையும் விளக்கி மெயில் போட்டேன். இரண்டு பக்கம். மாலையில் பதில் வந்தது, குறித்துக்கொண்டேன், நன்றி என்று. அடுத்த நாள் அவர் அறைக்கே போய் நின்றேன். "நானும் ஏன் மாடலி மாதவன், ஹேளு" என்றார். நான்தான் என்ன செய்யட்டும், சொல் என்கிறார். திரும்பி வந்தேன். வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் வீடு, பிள்ளைகள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கட்டத்தில் மனிதர் என்று போட்டார்கள். கெசியாவின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. வேலையும் போயிற்று. போவதற்கு முன் அவள் தரப்பை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவள் தமிழில் எழுதினாள், நான் இங்கிலீஷில் பெயர்க்க வேண்டும். அது முடிந்தால்தான் விடுவிப்புக் கடிதம் கிடைக்கும். பர்கூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கடிதத்தோடு மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடமும் வேறு ஆளுக்கு.

அவள் எழுதியிருந்தது நான்கே வரி. அதில் மூன்றாவது: 'முப்பத்தொன்றாம் படம் ஊதாவாகத்தான் தெரிந்தது, அதை அப்போதே சத்தமாகச் சொன்னேன்.'

ப்ளூ என்று எழுதினேன். இந்த முறை சரியாக எழுதினேன். சௌந்தரராஜன் சார் படித்துவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் சுழித்துத் திருப்பி அனுப்பினார். கீழே பென்சிலில்: 'மூலத்தில் ஊதா என்று இருக்கிறது. அகராதிப்படி பெயர்க்கவும்.'

மறுபடி அவரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மணி நாலரை. அஞ்சு மணிக்கு நான் கெளம்பிடுவேன். இன்னிக்கு லெட்டர் வேணுமா, வேணாமா? நீங்களே முடிவு பண்ணுங்க."

கெசியாவிடம் ப்ளூ என்றே மாற்றி எழுதித் தரச் சொன்னால் என்ன என்று தோன்றியது. கையெழுத்திட்ட மூலத்தை மாற்றக் கூடாதாம், அதற்கும் ஒரு விதி. என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். நாலே முக்கால் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெசியா எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ப்ளூவை அழித்தேன். வயலட் என்று தட்டினேன். முதல் தடவை தெரியாமல் தட்டினேன், இப்போது தெரிந்தே தட்டினேன்.

தாளை நீட்டினேன். அவள் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தேடினாள்.

"சரியா எழுதிருக்கீங்கல்லாண்ணே? நான் அப்பமே சொன்னேன்னு இதுல இருக்குல்லா?"

"இருக்குது" என்றேன்.

போட்டாள். தாளை என்னிடம் திருப்பித் தராமல் ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தாள்.

"எனக்கு ஒரு காப்பி தாங்கண்ணே. அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனா எம்பிள்ள படிக்கும்லா. பெரியவளானப்பறம் வாசிக்கட்டும். எங்கம்மா தப்பு பண்ணலன்னு அவளுக்காச்சும் தெரியட்டும்."

ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய், நல்ல வெள்ளைத் தாளாகப் பார்த்து வைத்து, ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.